நர்ஸிங் படிக்கப் போகிற எல்லைக்காரப் பிள்ளைகளுக்கு

இரண்டாம் வருஷம், மெடிக்கல் வார்டு, என் முதல் கேஸ் ஹிஸ்டரி. எழுபது தாண்டிய அம்மச்சி ஒருவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, "வலிவுண்டு மோளே, ராத்திரி கூடும்" என்றார். நான் கேரள எல்லையில் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்து தமிழ் மீடியத்தில் படித்தவள். வலி என்றே எடுத்துக்கொண்டு எங்கே, எத்தனை நாளாக, பத்துக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன். அம்மச்சியும் பொறுமையாக நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் நோட்டைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் தன் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டு மறுமுனையை அம்மச்சியின் முதுகில் வைத்தார். உள்ளே விசில் அடிக்கிறது. மலையாளத்தில் வலிவு என்றால் வீசிங், நம் ஊர்ப் பேச்சில் இழுப்பு. வலிக்கு அவர்கள் சொல்லும் சொல் வேதனை. யோசித்துப் பார்த்தால் துடுப்பு வலிப்பது என்று நாமும் சொல்கிறோம், வலிப்பதும் இழுப்பதும் ஒன்றுதான். அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது.

கம்பத்தில் இருக்கும் என் சித்தி மகள் இந்த வருஷம் கேரளாவில் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர்கிறாள். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேர்வதைப் பற்றிச் சுருக்கமாக. பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் சேர்த்து 45 சதவீதம், இங்கிலீஷில் பாஸ். இது இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. கேரளாவில் சீட் அலாட்மென்ட் நடத்துவது மாநில அரசின் எல்.பி.எஸ். சென்டர், சேர்ந்த பிறகு பரீட்சை நடத்துவது திருச்சூரில் இருக்கும் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம். எந்தக் காலேஜாக இருந்தாலும் இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநில கவுன்சில், பல்கலைக்கழகம் மூன்றிலும் அதன் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் ஏஜென்ட் பேச்சை நம்பி, பார்க்காமல் கட்டி, ஒரு வருஷத்தையும் பாட்டியின் கம்மலையும் இழந்தார்கள்.

நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான நர்ஸிங், குழந்தைகளுக்கானது, மனநலம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்று நான்கு பிரிவாகத் தனித்தனியே படிக்கிறார்கள். நம்மிடம் ஒரே டிகிரிக்குள் எல்லாம் வந்துவிடும். ஆனாலும் முதுகெலும்பு பெரியவர்களுக்கான நர்ஸிங்தான். நான் படித்தபோது அதற்கு மெடிக்கல் சர்ஜிக்கல் என்று பெயர். 2021 பாடத்திட்டத்தில் அடல்ட் ஹெல்த் நர்ஸிங் என்று மாற்றி மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வகுப்பு 140 மணி நேரம், பொம்மையில் செய்து பழகும் ஸ்கில் லேப் 40, வார்டு 480. இந்தக் கணக்கைப் பார்த்தாலே எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரியும். வார்டில் சும்மா நின்றுவிட்டு ஹாஸ்டலில் வந்து புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், திணறுவார்கள்.

என் வழி இது. காலையில் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வேன். சாயந்திரம் அவருடைய நோய்க்கான அத்தியாயத்தை மட்டும் படிப்பேன். செங்கல் கனத்துக்கு இருக்கும் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்து முடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் கட்டில் மாமாவுக்கு லிவர் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போவது) என்றால், வயிறு ஏன் வீங்கியது, ஏன் தினமும் எடை பார்க்கிறோம், ஏன் உப்பைக் குறைத்தார்கள் என்று மூன்று 'ஏன்' எழுதி, பதிலை அவருடைய கேஸ் ஷீட்டிலும் புத்தகத்திலும் தேடுவேன். மறுநாள் நாடாவைப் பிடித்து அவர் வயிற்றுச் சுற்றளவை அளக்கும்போது அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வரும். பரீட்சை ஹாலிலும் வந்தது.

ஒரு நோயாளிக்கு நாம் என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதும் கேர் பிளானில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். நோயின் பெயரையே நர்ஸிங் டயக்னோஸிஸ் என்று எழுதிவிடுவார்கள். நிமோனியா என்பது டாக்டர் எழுதுவது. நாம் எழுத வேண்டியது, சளி கட்டியாக இருப்பதால் இருமித் துப்ப முடியவில்லை என்பது. அதற்கு ஆதாரம், மூச்சு நிமிஷத்துக்கு 28, ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட சத்தம். இந்த மூன்றையும் நீங்களே எடுத்திருக்க வேண்டும். முந்தின ஷிஃப்ட் எழுதியதைப் பார்த்து எழுதினால் மேடம் மூன்று வரியில் கண்டுபிடித்துவிடுவார். மூச்சை எண்ணும்போது நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே முழு ஒரு நிமிஷம் மார்பைப் பாருங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும்.

கணக்குக்குப் பயந்து நர்ஸிங் எடுத்தவர்கள் ஏமாந்துபோவார்கள். டிரிப்ஸைத் தானே அளந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் கிடையாது, சொட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். 500 மில்லி பாட்டில், நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், சாதாரண செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000. அதை 240 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. வாட்ச்சைப் பார்த்து 15 விநாடிக்குப் பத்து, பதினொன்று விழுகிறதா என்று டியூபில் இருக்கும் ரோலரைச் சரிசெய்யுங்கள். அப்புறம் நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இன்சுலின் இன்னும் கவனம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இருபது போட வேண்டியவருக்கு ஐம்பது போனால் என்ன ஆகும் என்று ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைவது) பாடத்தில் படித்துக்கொள்ளுங்கள். குப்பி, சிரிஞ்சு இரண்டின் லேபிளையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நான் இன்றைக்கும் இழுக்கிறேன். ஜூனியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சரி, பாஷைக்கு வருகிறேன். சேருவதற்கு முன்பே ஒரு சின்ன நோட்டு போடுங்கள். பனி என்றால் காய்ச்சல், எலிப்பனி என்றால் எலிக்காய்ச்சல். சும என்றால் இருமல். குளிக என்றால் மாத்திரை. தலகறக்கம் தலைசுற்றல், வயறிளக்கம் வயிற்றுப்போக்கு, க்ஷீணம் அசதி. நோயாளியோடு துணைக்கு இருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள், அட்டெண்டர் என்று கூப்பிட்டால் ஆஸ்பத்திரி ஊழியரைத் தேடுவார்கள். சம்சாரம் என்றால் பேச்சு. "சம்சாரத்துக்குக் குழப்பமில்லல்லோ" என்று டாக்டர் கேட்டதற்கு, ஸ்ட்ரோக் வந்த உத்தமபாளையத்துத் தாத்தா குழறிக் குழறி, "அவ செத்து ஆறு வருஷமாச்சு" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

தமிழ் தெரிவது குறை என்று நினைக்காதீர்கள். விடியற்காலையில் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் இந்தப் பக்க ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வருவார்கள். அப்போது எல்லோரும் உங்களைத்தான் தேடுவார்கள். அந்த நேரம் நோயாளி சொன்னதை அப்படியே சொல்லுங்கள், நல்லது என்று நினைத்து ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றதை நான் 'நெஞ்செரிச்சில்' என்று மாற்றிச் சொன்னேன். டாக்டர் நம்பாமல் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னதால் நான் தப்பித்தேன், அந்த அக்காவும் தப்பித்தார்.

பரீட்சைக்கு ஒன்றிரண்டு. பாஸ் 50 சதவீதம். வகுப்பிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும். வார்டு மணி நேரத்தை நூற்றுக்கு நூறு முடித்தால்தான் டிகிரி. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள், விட்டதை விடுமுறையில்தான் ஈடுகட்ட வேண்டும். நான்காம் செமஸ்டரில் வரும் பாலியேட்டிவ் பகுதியை, அதாவது தீராத நோயில் வலியையும் கஷ்டத்தையும் தணிக்கும் பராமரிப்பை, தள்ளிவிடாதீர்கள். 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்து வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்ந்தது கேரளாவின் பாலியேட்டிவ் வேலை, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் நமக்குக் கிடைக்காது. ஹோம் கேர் வண்டியில் இடம் இருந்தால் ஏறிவிடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதை, ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லாத ஒற்றை அறை வீட்டில் அறுபது வயது மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். நான் அங்கேதான் அந்தப் பாடத்தைப் படித்தேன்.

பையில் வைக்க வேண்டியவை: இரண்டு கறுப்புப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, அந்தச் சின்ன நோட்டு, நல்ல சாக்ஸ், செகண்ட் முள் ஓடுகிற வாட்ச். சித்தி மகள் டிஜிட்டல் வாட்ச் வாங்கி வைத்திருக்கிறாளாம். மாற்றிக்கொண்டு மலையேறச் சொல்லியிருக்கிறேன்.