ராமநாதபுரக் கரையோரத்தில் வீட்டு நெட்டும் லேண்ட்லைனும் செல்போனிலேயே: மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து குடிவருபவர்களுக்கு

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரம் என்று எங்கே வீடு பிடித்தாலும் முதல் வாரமே எழும் கேள்வி, நெட் லைன் போடுவதா வேண்டாமா என்பது. ஒருவர் இருவர் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம், செல்போன் நெட்டை வைஃபையாகப் பகிரும் ஹாட்ஸ்பாட் போதும். டிவியில் நாள் முழுக்கப் படம் ஓடும் வீட்டுக்குக் கட்டாது. கணக்கு இதுதான்: 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் தெளிவான படம் மணிக்கு 2.25 ஜிபி தின்னும். தினம் 2 ஜிபி பிளான் ஒரு படம் முடிவதற்குள் காலி. அதன் பிறகு நள்ளிரவு 12 மணி வரை 64 கேபிபிஎஸ்தான். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் தெருவில் ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரித்துப் போட்டுவிடுங்கள்.

சிம் வாங்கப் பாஸ்போர்ட், விசா, போட்டோ கொண்டுபோங்கள். பெட்டிக்கடையில் வாங்காமல் நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போனால் அலைச்சல் மிச்சம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் எடுத்த சிம், விசா முடிந்தால் நின்றுபோகும். விசா புதுப்பித்ததும் அங்கே மறுபடி போய்க் காட்டுங்கள். சொந்தக்காரர் பெயரில் சிம் வாங்குவது இங்கே சர்வசாதாரணம். ஆனால் பின்னாளில் சிம் தொலைந்தால் மாற்று சிம்மும் அவர் வந்து நின்றால்தான் கிடைக்கும். நம் பெயரிலேயே இருக்கட்டும்.

கையோடு கொண்டுவந்த போன் இங்கே சரிப்படுமா என்று பாருங்கள். 4ஜிக்குப் பேண்ட் (அலைவரிசை) 3, 5, 8, 40 வேண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்குப் பேண்ட் 28-உம் இருந்தால் நல்லது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் வோல்ட்டீ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) வேலை செய்யாத போனில் ஜியோ சிம் போட்டால் நெட் நன்றாக ஓடும், சாதாரண கால் மட்டும் போகாது. ஏர்டெல்லில் வோல்ட்டீ இல்லையென்றால் கால் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை வீட்டில் யாருக்கும் நெட் வராது. 'அம்மா போன் பேசினாலே நெட் போகுது' என்ற புகாருக்கு முக்கால்வாசி இதுவே காரணம். மீதிக் காரணம் இரட்டை சிம். ஒரு சிம்மில் பேசும்போது இன்னொரு சிம்மின் டேட்டா பெரும்பாலான போன்களில் நின்றுவிடும்.

ஆகவே ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனியாக ஒரு பழைய போன், தனியாக ஒரு சிம். சட்டைப்பையில் வெளியே போகிற போனை வீட்டு நெட்டாக நம்பினால், அது மீன் வாங்கப் போகும்போது நெட்டும் கூடவே போகும்.

அந்தப் போனை எங்கே வைப்பது? செட்டிங்ஸில் 'சிம் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் சிக்னல் அளவு டிபிஎம்மில் இருக்கும். மைனஸ் 90-க்கு மேல் (மைனஸ் 80 போல) இருந்தால் நல்ல இடம், மைனஸ் 110-க்குக் கீழே (மைனஸ் 115 போல) போனால் வேறு ஜன்னலைத் தேடுங்கள். பழைய வீடுகளின் தடித்த காரைச் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைத் தின்றுவிடும்; இரண்டு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை பார்த்து முடிவெடுங்கள். கோடு நிறையத் தெரிவது டவரின் பலத்தைத்தான் காட்டும், நெரிசலைக் காட்டாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் ராமேஸ்வரத்தில் இறங்கும் நாளில் கோடு முழுதாக இருக்கும், நெட் நகராது.

கடலைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் சார்ஜ் துளையின் உலோகம் பச்சை பூத்து, கேபிளை ஆட்டி ஆட்டி வைத்தால்தான் ஏறும் நிலைக்கு வந்துவிடும். ஈரம் இருப்பதாகப் போன் எச்சரித்தால் உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள், சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். நாள் முழுக்க 100-லேயே சூட்டில் கிடக்கும் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கும்.

ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் சுவர் தாண்டும். ஒரே அறைக்கு 5 வேகமானது. ஆள் இல்லாதபோது தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். அடுத்தது பலர் கோட்டை விடும் இடம்: லேப்டாப்புக்கும் மற்றப் போன்களுக்கும் இது வெறும் வைஃபை. போட்டோ பேக்கப்பும் விண்டோஸ் அப்டேட்டும் இலவசம் என்று நினைத்து அள்ளிக்கொள்ளும். ஒவ்வொரு கருவியிலும் இந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளவுள்ள நெட்) என்று மாற்றுங்கள். ஐபோனில் அதற்கு 'லோ டேட்டா மோட்'.

லேண்ட்லைன் எண்ணைச் செல்போனுக்கு மாற்றிக்கொள்ள இந்தியாவில் வழியில்லை. 04567, 04573 என்று தொடங்கும் பழைய எண் உறவினர்களிடம் இருந்தால், இணைப்பை ஒப்படைக்கும் முன் புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்குப் பட்டன் வேண்டுமென்றால் சிம் போடும் மேசைப் போன் கிடைக்கும். 2ஜி மட்டும் உள்ள மலிவான மாடலை எடுக்காமல், 4ஜி வோல்ட்டீ என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். யாராவது அழைத்து *401* அல்லது 21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள், ஓடிபி அழைப்பு உட்பட, அவனுக்குத் திரும்பிவிடும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

மலேசிய, சிங்கப்பூர் சிம்மை வங்கி ஓடிபிக்காக உயிரோடு வைத்திருப்பவர்களுக்குத் தனுஷ்கோடிப் பக்கம் ஒரு பொறி உண்டு. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கடல் மேல் தடையில்லாததால் இலங்கை டவர் பிடிக்கும். போனும் அதில் ஏறிக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறும். அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து எடுத்து இந்திய நிறுவனமாக நீங்களே குறித்துவிடுங்கள்.

கம்பி லேண்ட்லைனில் ஒரு நன்மை இருந்தது: எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்திலேயே ஓடியதால் வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். செல்போனுக்கு அது இல்லை, டவரின் பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்கை நிரப்புங்கள். சாதாரண போனை அது ஒன்றரை முறைதான் நிரப்பும். ஹாட்ஸ்பாட்டை அணைத்து வையுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்றைச் சிறிய பட்டன் போனில் போட்டு அலமாரியில் வையுங்கள். 90 நாளைக்குள் ஒரு கால் செய்யாவிட்டால் அந்த எண் போய்விடலாம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554: இந்த நான்கையும் போனுக்குள் சேமிப்பதோடு நிற்காமல், அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.