டொரண்டோ பக்கம் சின்ன வெங்காயம் எப்ப நடலாம்?

தக்காளி, மிளகாய்க்கு மே 20 வாக்குல வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வரைக்கும் வெயிட் பண்ற மாதிரியே வெங்காயத்துக்கும் நிறைய பேர் வெயிட் பண்றாங்க, அது தேவையே இல்லைங்க. இங்க கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் ரெண்டு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும், அதுல இருந்து நாலஞ்சு வாரம் பின்னாடி எண்ணுங்க, ஏப்ரல் பாதி, அதான் நடுற டைம். லேசான பனியெல்லாம் வெங்காயத் தாள் தாங்கிக்கும்.

லேட்டானா என்ன ஆகும்னா, ஜூன்ல பகல் நீளமானதும் செடி இலை விடுறத நிறுத்திட்டு காய் பெருக்க ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள தாள் நல்லா வளரலன்னா கோலிக்குண்டு சைஸ்லதான் கிடைக்கும். தேதிய விட மண்ணுதான் முக்கியம்: ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்க, உதிர்ந்தா நடலாம், களிமண் உருண்டையா ஒட்டிக்கிட்டே நின்னா இன்னும் ஈரம் ஜாஸ்தி, நட்டா அழுகிரும். நுனி லேசா வெளிய தெரியற ஆழம் போதும், 15 செ.மீ இடைவெளி.

அக்டோபர் நடுவுல நடுறதும் உண்டு, மண்ணு உறையுறதுக்கு முன்னாடி வேர் புடிச்சிரும், மேல வைக்கோல் போட்டு மூடணும் (எனக்கு இதுதான் புடிச்ச வழி, சீக்கிரமே அறுவடைக்கு வந்திரும்).

இந்தியன் கடைல சாம்பாருக்கு வாங்குற வெங்காயத்த நடாதீங்க, அது குறைஞ்ச பகலுக்குப் பழகின ரகம், இங்க சரியா பெருக்காது. நர்சரில கிடைக்கிற ஷாலட் (சின்ன வெங்காயத்துக்கு இங்க சொல்ற பேரு) விதை வெங்காயம் வாங்கிக்கோங்க.