வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே ஏசி: டர்பனில் ஒன்று, ஜோஹன்னஸ்பர்க்கில் வேறு

கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. சூடாக்கவும் செய்யுமா என்பதை. அந்த வகை ஏசி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். கம்பி ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

20 சதுர மீட்டர் அறைக்கு 12,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு), அதாவது 3.5 கிலோவாட், பெரும்பாலும் போதும். மேற்கு வெயில் அடித்தாலோ, சீலிங் இல்லாத தகரக் கூரையென்றாலோ 18,000 பாருங்கள். 'எதற்கும் பெரிதாகவே இருக்கட்டும்' என்று வாங்குவதுதான், தென்னாப்பிரிக்காவின் ஈரக்காற்றுக் கடலோர நகரமான டர்பனில் நடக்கும் தப்பு. பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும்; ஈரம் வற்றாது, மெத்தைகூடப் பிசுபிசுக்கும். வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையே அங்கு சரி. கடலோர வீடென்றால் வெளிப்பெட்டியின் காயிலுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு உண்டா என்றும் கேளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, மெஷினின் திறனும் குறையும். சூடாக்கும் திறனை வழக்கமாக வெளியே 7 டிகிரியில் அளப்பார்கள். ஜூலை அங்கே குளிர்காலம்; விடியலில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். ஆகவே 0 டிகிரியில் எத்தனை கிலோவாட் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் போடாமல் கேஸ் வால்வைத் திறந்தால் குழாயில் ஈரம் தங்கி, கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். சூடாக்கும்போது வெளிப்பெட்டியிலிருந்தும் தண்ணீர் சொட்டும். நடைபாதைக்கு மேலே மாட்டாதீர்கள்.