'கதர்' படுத்தும் பாடு: துருக்கி மொழியில் அளவும் எல்லையும்

துருக்கி மொழியில் அளவையும் எல்லையையும் சொல்ல முற்படும் தமிழர் முதலில் தடுமாறுவது 'கதர்' என்ற சிறு சொல்லில்தான். (நம் கைந்நூல் துணிக்கும் இதற்கும் உறவில்லை, இது அரபியிலிருந்து துருக்கிக்குச் சென்ற சொல்.) நாம் 'அளவு', 'வரை' என்று இரண்டு சொற்களால் பிரித்துக் காட்டுவதைத் துருக்கியர் இந்த ஒரே சொல்லால் முடித்துவிட்டு, வேறுபாட்டை அதற்கு முன்னிற்கும் பெயரின் வேற்றுமை உருபில் வைத்துவிடுகிறார்கள். வீட்டைக் குறிக்கும் 'எவ்' உருபின்றி நின்றால், 'எவ் கதர்' என்பது வீட்டளவு பெரியது என்று பொருள்படும். நான்காம் வேற்றுமை ஏற்று 'எவே கதர்' என்றானால் வீடு வரை என்றாகிவிடும்.

எண்களோடு வரும்போது இந்தப் பிழை சங்கடத்தில் கொண்டுபோய் விடும். 'ஒன் கிஷி கதர்' என்பது ஏறத்தாழப் பத்துப் பேர். 'ஒன் கிஷியே கதர்' என்பது பத்துப் பேர் வரை. விருந்துக்கு மேசை பதிவு செய்கிறவர் இதை மாற்றிச் சொன்னால், பதினோராவது விருந்தாளி நிற்க வேண்டியிருக்கும். பிரதிப் பெயர்களில் 'பென் கதர்' என்பது தவறு. நாம் 'நான் அளவு' என்னாமல் 'என்னளவு' என்பதுபோல, அங்கும் ஆறாம் வேற்றுமையில் 'பெனிம் கதர்' என்றே சொல்ல வேண்டும்.

நம் தாய்மொழியே குழி பறிக்கும் இடம் ஒன்று உண்டு. 'படிக்கப் படிக்கப் புரிகிறது' என்று சொல்ல விரும்புகிறவர், தமிழ்ப் பழக்கத்தில் வினையை இரட்டித்து 'ஒகுயா ஒகுயா' என்பார். அப்படியொரு வடிவம் துருக்கியிலும் இருப்பதால் யாரும் உடனே திருத்தமாட்டார்கள்; ஆனால் அது படித்துப் படித்தே ஒன்றை அடைந்த வழியைச் சொல்லுமே தவிர, ஒன்று கூடக் கூட மற்றொன்றும் கூடுவதைச் சொல்லாது. அதற்குரிய வடிவம் 'ஒகுதுக்சா'. இதே விகுதி எதிர்மறை வினையோடு சேர்ந்தால் பொருள் வேறு திசையில் போகும்: 'சலிஷ்மதிக்சா' என்பது 'உழைப்பு குறையக் குறைய' அன்று, 'உழைக்காதவரை' என்பதாகும். 'ஒல்துக்சா' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'ஆக ஆக' என்று பிரித்துப் படிப்பதும் வீண். அது இன்று 'கணிசமாக' என்ற பொருளில் உறைந்துவிட்டது.

பின்னங்களில் தமிழருக்குச் சிரமமே இல்லை. 'மூன்றில் ஒன்று' என்ற நம் வரிசைதான் அங்கும்: 'ஊச்தே பிர்'. நூற்றுக்குப் பத்து என்பதும் 'யூஸ்தே ஒன்', அதாவது 'நூறில் பத்து'. இந்த வரிசையை எழுத்திலும் காப்பதால் துருக்கியர் விழுக்காட்டுக் குறியை எண்ணுக்கு முன்னால் '%10' என்று இடுவார்கள். '10%' என்று எழுதினால் அது பிழை.