நெட்வொர்க் வேலையில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். கேபிளைச் சரியாகச் செருகாதது, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை கொஞ்ச நேரத்தில் தானாகவே தெரிந்துவிடும். ரவுட்டர் போன்ற ஒரு பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்யும் தவறுகள்தான் ஒரு நாளையே விழுங்கிவிடும்.

வைஃபை வந்தால் இன்டர்நெட்டும் வந்துவிட்டது என்று நம்புவது

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள இணைப்பு மட்டும்தான். ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் லைன் வேறு. சிக்னல் முழுசாகக் காட்டும். வெளியே ஃபைபர் அறுந்து கிடக்கும்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, உதாரணமாக 192.168.1.1-க்கு, பிங் அடியுங்கள். ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. பதில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கட்டடத்துக்குள்தான். வந்தால் அடுத்து 8.8.8.8-க்கு, அதாவது வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் முகவரிக்கு. இதற்கும் பதில் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் பெயர் சொல்லித் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். தளத்தின் பெயரை இப்படி எண்ணாலான ஐபி முகவரியாக மாற்றித் தருவது அதுதான். இந்த மூன்றையும் பார்க்காமல் கஸ்டமர் கேருக்குப் போன் போடாதீர்கள்.

மெகாபிட், மெகாபைட்

லைன் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், டவுன்லோட் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் 8-ஆல் வகுக்கவும். 100 மெகாபிட் லைனில் டவுன்லோட் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்டாது.

வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

ஒரு மொத்த ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம். மாடியில் முதலாளி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒரு ரவுட்டரை வாங்கிவந்து, கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து வந்த கேபிளை அதன் லேன் போர்ட்டில், அதாவது உள் கருவிகளுக்கான துளையில், செருகிவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாலை எல்லாம் ஓடியது. மறுநாள் காலை கணினிகளைப் போட்டதும் சில கவுன்ட்டர்களில் பில் வரவில்லை, சிலவற்றில் வந்தது. இன்டர்நெட் நிறுவனத்தைத் திட்டினார்கள். ஒரு கணினியில் விண்டோஸையே புதிதாகப் போட்டார்கள். நான் போய்ச் சேரும்போது கூட்டம் நெரிய, பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதைக் கொடுப்பது டிஎச்சிபி. வழக்கமாக ரவுட்டருக்குள்ளேயே இருக்கும். கணினி எழுந்ததும் ‘எனக்கு முகவரி தருவது யார்?’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். முதலில் வரும் பதிலைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஒரே லாட்ஜில் இரண்டு பேர் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டு சாவி கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே ஆனது. பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது, புதியது 192.168.0 என்று கொடுத்தது. பில்லிங் சர்வர் இருந்தது 192.168.1.10-ல். முகவரியில் எந்தப் பகுதி ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இருவரும் நேரடியாகப் பேச முடியும். இல்லாவிட்டால் கேட்வே வழியாகத்தான், அதாவது வெளியே போகும் வாசலாக இருக்கும் ரவுட்டர் வழியாகத்தான், போக வேண்டும். புதிய ரவுட்டரோ தன்னையே கேட்வே என்று அறிவித்துவிட்டது. அதற்கு இன்டர்நெட்டும் தெரியாது, சர்வருக்கு வழியும் தெரியாது.

முதல் நாள் மாலை ஏன் தெரியவில்லை? டிஎச்சிபி தரும் முகவரிக்கு ஒரு தவணை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினி கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளும். அணைத்துப் போட்டால்தான், அல்லது தவணை நெருங்கினால்தான் மறுபடி கேட்கும். அதனால்தான் செருகியவருக்கும் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றுகிறது. ‘நேற்று நல்லாத்தானே இருந்தது’ என்று அவர் சொன்னதும் உண்மைதான்.

கண்டுபிடிக்கும் வழி: கோளாறான கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை ‘ஆல்’ சேர்த்து (ipconfig /all) அடியுங்கள். டிஎச்சிபி சர்வர் என்ற வரியில் இருப்பது உங்கள் ரவுட்டரின் முகவரியா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த முகவரிக்குப் பிங்கை ஓடவிட்டு ஸ்விட்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பதில் நிற்கிறதோ, அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது பெட்டி.

சரி, மாடிக்கு வைஃபை வேண்டுமே? தேவை ரவுட்டர் இல்லை, ஆக்சஸ் பாயின்ட். முகவரி எதுவும் கொடுக்காமல், இருக்கும் நெட்வொர்க்கை வைஃபையாகப் பரப்பும் பெட்டி அது. வாங்கிய ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், நெட்வொர்க்கில் செருகுவதற்கு முன்பே தனியாக ஒரு லேப்டாப்பில் இணைத்து அதன் டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம் அதன் முகவரியை, வேறு யாரும் பயன்படுத்தாத 192.168.1.2 மாதிரி ஒன்றுக்கு மாற்றுங்கள். பிறகு லேன் போர்ட்டில் செருகலாம். சில நிமிட வேலை. இதைச் செய்யாததற்கு ஒரு கடை ஒரு காலை நேர வியாபாரத்தைக் கொடுத்தது.

வான் போர்ட்டில், அதாவது வெளி லைனுக்கான துளையில், செருகினால் தப்பிக்கலாமே என்று பையன்கள் கேட்பார்கள். முகவரிக் குழப்பம் தீரும். ஆனால் அந்த ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரின்டரைக் கீழ்த்தளத்துக் கணினிகள் பார்க்காது. இரண்டு ரவுட்டரும் 192.168.1 என்றே இருந்தால் அதுவும் ஓடாது.

169.254 என்று தொடங்கும் முகவரி

டிஎச்சிபி பதில் தரவில்லை என்று அர்த்தம். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

வெளி முகவரியைப் பார்க்காமல் போர்ட் ஃபார்வர்டிங் செய்வது

கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பார்கள். உடனே ரவுட்டரில் போர்ட்டைத் திறக்க, அதாவது வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பைச் செய்ய, உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தப் போர்ட் கேபிள் செருகும் துளை இல்லை, வெறும் எண்தான். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது வெளி லைனில் அதற்குக் கிடைத்த முகவரி, என்ன என்று முதலில் பாருங்கள். ஐபிவி4 என்ற முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால் நீங்கள் அப்படிப்பட்ட பகிர்வில் இருக்கிறீர்கள். அங்கே எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம் பணம் கட்டித் தனி முகவரி வாங்குங்கள், அல்லது இன்டர்நெட் வழியாகவே கடைக்கும் வீட்டுக்கும் தனிப் பாதை போடும் விபிஎன் அமையுங்கள். தனி முகவரி கிடைத்தால், போர்ட்டைத் திறப்பதற்கு முன், கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரில் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.