அச்சு குலையாத கிறிஸ்துமஸ் மசாலா பிஸ்கட்

கிறிஸ்துமஸுக்காக இஞ்சி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் சேர்த்துச் சுடும் பிஸ்கட்டுகள் என் ஓவனில் ஓரம் பரவி, நட்சத்திர அச்சில் வெட்டியவைகூட முனை மழுங்கியே வெளிவந்துகொண்டிருந்தன. மாவைக் கூட்டினால் சரியாகும் என்று பலரும் சொல்வார்கள். கூட்டிப் பார்த்ததில் பரவல் குறைந்தது. ஆனால் பிஸ்கட் வறண்டு, மசாலா மணமும் அமுங்கிப்போனது.

வெண்ணெயைக் குளிர்ச்சியாக வைத்திருந்தபோதுதான் வடிவம் நின்றது. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், இளகிய மாவு ஓவனுக்குள் சென்றால், பிஸ்கட் இறுகுவதற்கு முன்பே அது வழிந்து வடிவத்தைக் கலைத்துவிடுகிறது. ஆகவே, பிசைந்த மாவை உடனே இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு இடையில் வைத்து 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டோடு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைக்கிறேன். மறுநாள் அது விறைப்பாக இருக்கும். அச்சை அழுத்தினால் ஓரம் பிசிறில்லாமல் நறுக்கென்று வெட்டுப்படும். வெட்டிய துண்டுகளை மீண்டும் 15 நிமிடம் குளிரவைத்து, முன்பே நன்கு சூடேற்றிய ஓவனில் 175 டிகிரியில் சுடுகிறேன்.

300 கிராம் மைதாவுக்கு அரைத் தேக்கரண்டியாக இருந்த சமையல் சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்ததும் உதவியது. சோடா மிகுந்தால் மாவின் பிடிப்புத் தளர்ந்து பிஸ்கட் மேலும் பரவும். இரவு முழுவதும் ஊறுவதால் மசாலா வெண்ணெயில் நன்றாக இறங்கி மணம் கூடுவது, எனக்கு மிகவும் பிடித்த பலன். கிராம்புத் தூளை மட்டும் ஒரு சிட்டிகைக்கு மேல் சேர்க்க வேண்டாம். அது மற்ற மணங்களையெல்லாம் விழுங்கிவிடும்.