ஏர் ப்யூரிஃபையர் ஃபில்டர் வாங்கும்போது நிறைய பேர் பண்ற தப்புகள்

ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்னு போனா எல்லாரும் முதல்ல பாக்குறது பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற 99.97 சதவீதம்ங்கிற நம்பரைத்தான். அந்த நம்பர்ல ஒண்ணும் பொய் இல்ல, ஒழுங்கான ஹெப்பா ஃபில்டர்னா (நுண்ணிய தூசியைப் பிடிக்கிற அடர்த்தியான இழை ஃபில்டர்) 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தூசியில அவ்வளவு பிடிக்கணும்ங்கிறதுதான் அமெரிக்க அளவுகோல். ஆனா அதை மட்டும் பாத்துட்டு வாங்குறதுதான் இருக்கிறதுலயே பெரிய தப்பு. உங்க ஏரியா காத்துல என்ன கலந்திருக்கு, உங்க ரூம் காத்தை அந்த மெஷின் மணிக்கு எத்தனை தடவை இழுத்து வடிகட்டும், இந்த ரெண்டும் தெரியாம எந்த ஃபில்டர் வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

முதல்ல ஏரியா காத்து. மொபைல்ல ஏக்யூஐ, அதாவது காத்துத் தரக் குறியீடு, 160னு காட்டுது, அய்யோ மோசம்னு சொல்லிட்டு நேரா கடைக்குப் போறோம். பெரும்பாலான நாடுகள்ல ஏக்யூஐங்கிறது பல மாசுகள்ல அன்னிக்கு எது ரொம்ப மோசமோ அதோட கணக்கு மட்டும்தான், அது எந்த மாசுன்னு அந்த ஆப்லயே கொஞ்சம் கீழ தள்ளிப் பாத்தா போட்டிருக்கும், அங்கதான் யாரும் போறதில்ல. பிஎம் 2.5னா 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் உள்ள நுண்துகள், பெரும்பாலும் புகை, வண்டி, எரிக்கிற குப்பை, இந்த மாதிரி. பிஎம் 10 (10 மைக்ரான் வரைக்கும் உள்ள துகள்) மட்டும் ஏறி பிஎம் 2.5 கம்மியா இருந்தா ரோட்டு மண்ணு, கட்டட வேலை தூசினு எடுத்துக்கலாம். ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடுனு காட்டினா அது வாயு, அதை ஹெப்பா தடுக்கவே தடுக்காது, அதுக்கு கார்பன் ஃபில்டர் வேணும். இன்னொண்ணு, ஏக்யூஐ கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், அதனால மைக்ரோகிராம் அளவைப் பாத்துப் பழகுங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு, பிஎம் 2.5 வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. ஒரு நாள் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, சீசனுக்கு சீசன் காத்து மாறும், முடிஞ்சா ஒரு வருஷத்துக் கணக்கைப் பாருங்க.

அந்த 0.3 மைக்ரானைப் பத்தியும் ஒரு தப்பான நினைப்பு இருக்கு. அதைவிட சின்ன தூசி எல்லாம் ஃபில்டர்ல புகுந்து போயிடும்னு நினைக்கிறாங்க. நிஜம் தலைகீழ். ரொம்ப சின்னத் துகள் நேர்கோட்டுல போகாது, காத்து மூலக்கூறுங்க மோதி அங்கயும் இங்கயும் அலைஞ்சு ஃபில்டர் இழையில ஒட்டிக்கும், பெருசு நேரா போய் மோதி மாட்டிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 0.3 பக்கம்தான் பிடிக்கவே கஷ்டம். அதனாலதான் அந்த சைஸ்ல சோதிக்கிறாங்க. 0.1 மைக்ரான் பிடிக்கும்னு சொல்லி கூடுதல் விலை கேட்டா அதுக்காகத் தனியா காசு கொடுக்காதீங்க.

இப்போ முக்கியமான விஷயம், சிஏடிஆர். ஒரு நிமிஷத்துல எவ்வளவு சுத்தமான காத்தை மெஷின் வெளிய தள்ளுதுங்கிற கணக்கு இது. எவ்வளவு உசத்தியான ஃபில்டரா இருந்தாலும் அதுக்குள்ள காத்து போகலன்னா என்ன பிரயோஜனம்? கணக்கு ரொம்ப சுலபம்: 8 அடி உயர ரூம்னா சதுர அடியில மூணுல ரெண்டு பங்கு, அதுதான் புகைக்கான சிஏடிஆர்ல குறைஞ்சபட்சம். 12க்கு 12 ரூம் 144 சதுர அடி, அப்போ நிமிஷத்துக்கு 96 கன அடி. மொத்த ரூம் காத்து 1152 கன அடி, அப்போ மணிக்கு 5 தடவை சுத்தி வரும். கன மீட்டர்ல போட்டிருந்தா, 1 கன அடி நிமிஷத்துக்குன்னா மணிக்கு 1.7 கன மீட்டர். காட்டுத்தீப் புகை மாதிரி ரொம்ப மோசமான காத்துன்னா மூணுல ரெண்டு பங்கு போதாது, சதுர அடி எவ்வளவோ அவ்வளவே சிஏடிஆர் வச்சுக்குங்க. கூரை 10 அடின்னா இன்னும் கால் பங்கு கூட்டிக்கணும்.

பெட்டியில "500 சதுர அடிக்கு ஏத்தது"னு போட்டிருப்பாங்க, அது மணிக்கு ஒரே ஒரு தடவை சுத்துற கணக்காக்கூட இருக்கலாம், அதனால அந்த வரியை நம்பாம சிஏடிஆர் எங்க போட்டிருக்குன்னு தேடுங்க, எங்கயுமே போடலன்னா நான் அந்த மெஷினை வாங்க மாட்டேன். அப்புறம் அந்த சிஏடிஆர் ஃபுல் ஸ்பீடுல ஓடும்போது எடுத்தது. ராத்திரி சத்தம் தாங்காம ஸ்லீப் மோடுல போட்டுட்டுத் தூங்குறோம், அதுல நிமிஷத்துக்கு 30 கன அடிதான் வருதுன்னா மேல சொன்ன அதே ரூம்ல மணிக்கு ஒன்றரை தடவைதான் சுத்தும். சின்ன மெஷினை அலற விடுறதைவிட ஒரு சைஸ் பெருசா வாங்கி நடு ஸ்பீடுல ஓட்டுறது எவ்வளவோ மேல்.

கார்பன் ஃபில்டர்ல ஏமாறுறது ரொம்ப சகஜம். கறுப்பா மெல்லிசா ஒரு ஸ்பான்ஜ் மாதிரி ஷீட் இருக்கும், அதையும் கார்பன் ஃபில்டர்னுதான் சொல்வாங்க. வாயுவைப் பிடிக்க நிஜமாவே குருணைக் கார்பன் நிறைய வேணும், கையில எடுத்தா கனம் தெரியணும். அதுவும் ஒரு அளவுக்கு மேல நிரம்பிடும், அப்புறம் பிடிக்காது, பிடிச்சு வச்சதைத் திரும்ப வெளிய விடவும் செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு எந்த வீட்டு ஃபில்டரும் காப்பு இல்ல, அதுக்கு அலாரம் தனியா வைங்க.

அயனைசர் (காத்துல மின்னேற்றம் விட்டு தூசியைப் படிய வைக்கிறது), ஓசோன்னு சேத்து விக்கிறதை நான் யாருக்குமே சிபாரிசு பண்ண மாட்டேன். ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதி. கலிஃபோர்னியால வீட்டு ப்யூரிஃபையர்ல இருந்து வர ஓசோன் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல இத்தனை பங்குங்கிற அளவு) மேல போகக் கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்க. குழந்தையோ ஆஸ்துமா இருக்கிறவங்களோ வீட்ல இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

டக்ட் வச்ச சென்ட்ரல் ஏசி இருக்கிறவங்க மெர்வ் நம்பரைப் பாக்கணும், ஃபில்டர் எவ்வளவு நல்லா தூசியைப் பிடிக்கும்னு சொல்ற தர எண் அது. மெர்வ் 8 நுண்ணிய புகைக்குப் பத்தாது. மெர்வ் 13 ஆனா 0.3ல இருந்து 1 மைக்ரான் வரைக்கும் உள்ள துகள்ல பாதியாவது பிடிக்கும். ஆனா பழைய ஃபேன் அந்த அடர்த்தியைத் தாங்குமான்னு மெக்கானிக்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, இல்லன்னா காத்து குறைஞ்சு ஏசிக்கே கேடு. ஓரத்துல இடுக்கு இருந்தா காத்து அது வழியாத்தான் போகும், ஃபில்டர் வழியா போகாது. ஸ்ப்ளிட் ஏசியில இருக்கிற வலை பெரிய தூசிக்கு மட்டும்தான், அதை நம்பி இருக்காதீங்க.

வாங்கினதுக்கு அப்புறமும் தப்பு நடக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல குழந்தைக்கு மூச்சிரைப்புன்னு மெஷின் வாங்கி நாலு மாசம் ஓட்டியிருக்காங்க, இரைப்பு குறையவே இல்ல, ஒரு நாள் திறந்து பாத்தா ஃபில்டர் மேல சுத்தின பிளாஸ்டிக் கவர் அப்படியே இருக்கு. அதைக் கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சு. முதல் நாளே திறந்து பாத்து கவரை எடுங்க. முன்னாடி இருக்கிற வலையை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டித் துடைங்க. கழுவலாம்னு கம்பெனியே சொல்லியிருந்தா ஒழிய ஹெப்பாவைத் தண்ணியில கழுவாதீங்க, இழை கெட்டுப்போகும், ஆனா பாக்க சுத்தமா இருக்கும், அதுதான் ஆபத்து. 12 மாசம் வரும்னு போட்டிருந்தாலும் தூசி அதிகமான ஏரியால ஆறு மாசத்துலயே அடைச்சுக்கும், அதனால மாத்து ஃபில்டர் கிடைக்குமா, என்ன விலைன்னு மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

மெஷின்ல காட்டுற நம்பரையும் அப்படியே நம்ப வேணாம், சென்சார் மெஷின்லயே இருக்கு, அது தன்னைச் சுத்தி இருக்கிற சுத்தமான காத்தைத்தான் அளக்குது. பனிமூட்டம், ஈரம் அதிகமா இருந்தா தப்பா கூட்டியும் காட்டும். தனியா சின்ன மீட்டர் இருந்தா ரூமோட எதிர் மூலையில வச்சுப் பாருங்க.

ஜன்னலை வருஷம் முழுக்க மூடியே வைக்கிறதும் சரியில்ல. ப்யூரிஃபையர் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது, வெளிய பிஎம் இறங்கின நேரம் பாத்து கொஞ்ச நேரம் திறந்து விடுங்க, சமைக்கும்போது புகை வெளிய போற மாதிரி ஃபேன் போடுங்க. ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும்னா ஹால்ல வைக்காம பெட்ரூம்ல வைங்க, சுவத்தையும் திரையையும் ஒட்டாம ஒரு அடி தள்ளி, கதவை மூடிட்டு, படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபுல் ஸ்பீடுல ஓட விட்டுட்டு அப்புறம் குறைச்சுக்கலாம்.